அத்திலாந்திக் வரிப் பாஸ் மீன்பிடி மேலாண்மை

அத்திலாந்திக் வரிப் பாஸ் மீன்பிடி மேலாண்மை என்பது ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை மாநிலங்கள், வரிப் பாஸ் (ஸ்டிரைப்ட் பாஸ்) என்னும் மீனினத்தின் வளம் குன்றாமல் காக்கக் கூட்டாக மேற்கொள்ளும் ஒழுங்குமுறை ஆகும். இம்மீனைப் பிடிப்போரில் மிகப் பெரும்பாலோர் வணிக மீனவர் அல்லர். ஓய்வு நேரத்தில் தூண்டிலிடுவோர். ஆகவே பொழுதுபோக்குக் கடல் மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்துவதில் உள்ள வாய்ப்புகளையும் இடர்களையும் அறிய இது பெரிதும் எடுத்தாளப்படும் எடுத்துக்காட்டாக உள்ளது. 1980களில் பெருஞ்சரிவிலிருந்து மீட்கப்பட்டு, 1995 இல் முழுமையாக மீண்டதாக அறிவிக்கப்பட்ட இவ்வினம், 2019 இல் மீண்டும் வளம் குன்றியதாக அறிவிக்கப்பட்டது.

மீனின் இயல்பு

வரிப் பாஸின் அறிவியற் பெயர் மொரோனே சாக்சாட்டிலிஸ். வெள்ளி நிற உடலின் பக்கவாட்டில் ஏழு அல்லது எட்டுக் கருங்கோடுகள் நீளவாக்கில் ஓடுவதால் இப்பெயர் பெற்றது. செசப்பீக் விரிகுடாப் பகுதியில் இதனைப் பாறைமீன் என்னும் பொருள்படும் 'ராக்ஃபிஷ்' என்றே அழைப்பர். மேரிலாந்து மாநிலத்தின் மாநில மீனும் இதுவே.

இது கடலில் வாழ்ந்து, இளவேனிலில் ஆறுகளின் நன்னீருக்கு ஏறி முட்டையிடும் மீன். பாஸ் என்ற சொல்லைக் கண்டு இதனைத் தமிழகக் கரையில் கிடைக்கும் கொடுவாவுடன் குழப்பிக் கொள்ளலாகாது. கொடுவா வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பயணமும் நேரெதிரானது. நன்னீரிலும் கழிகளிலும் வளர்ந்து, முட்டையிட உவர்நீரை நாடிச் செல்வது அது.

வரிப் பாஸ் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆண் மீன்கள் இரண்டு, மூன்று வயதிலேயே முதிர்ச்சி அடைகின்றன. பெண் மீன்களோ நான்கு முதல் எட்டு வயது வரை காத்திருக்க வேண்டும். பெரிய பெண் மீன் ஒன்று ஒரே பருவத்தில் பல இலட்சம் முட்டைகள் இடும். அம்முட்டைகள் பொரியும் வரை அடியில் படிந்துவிடாமல் ஆற்றின் ஓட்டத்தில் மிதந்துகொண்டே இருக்க வேண்டும். எனவே அந்த ஆண்டு ஆற்றில் நீர் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்பதைப் பொறுத்தே அவ்வாண்டின் இளமீன் தொகை அமைகிறது. ஓர் ஆண்டு பெருகும். அடுத்த பல ஆண்டுகள் வறளும். இவ்வாறு ஒரே ஆண்டில் பிறந்த மீன்களின் கூட்டத்தை மீனியலார் 'ஆண்டுத் தொகுதி' என்பர். இக்கட்டுரையில் இச்சொல் பலமுறை வரும்.

முட்டையிடும் இடங்களில் முதன்மையானது செசப்பீக் விரிகுடாவும் அதில் கலக்கும் ஆறுகளும் ஆகும். ஹட்சன் ஆறு, டெலவெயர் ஆறு ஆகியன அடுத்து வருவன. செசப்பீக்கில் பிறந்த மீன் வளர்ந்தபின் கோடையில் மாசச்சூசெட்ஸ், மேய்ன் வரை வடக்கே செல்கிறது. ஒரு மாநிலம் காத்து வளர்த்த மீனை வேறொரு மாநிலத்தார் பிடிக்க நேர்வதால், எந்த ஒரு மாநிலமும் தனித்து இதனைக் காக்க இயலாது.

பொழுதுபோக்கு மீன்பிடிப்பின் தனிச்சிக்கல்

வணிக மீன்பிடிப்பை எடையால் கட்டுப்படுத்தலாம். இம்மாநிலத்திற்கு இவ்வாண்டு இத்தனை டன் என ஒதுக்கி, அந்த அளவு எட்டியவுடன் நிறுத்திவிடலாம். வரிப் பாஸ் வணிகத்தில், 2012 இல் ஏற்கப்பட்ட விதிப்படி, விற்கப்படும் ஒவ்வொரு மீனிலும் அடையாளப் பட்டை கோக்கப்பட வேண்டும்.

தூண்டில்காரர் கூட்டத்தை இவ்வாறு அளக்க முடியாது. அவர்கள் படகிலிருந்தும், பாலத்திலிருந்தும், மணற்கரையிலிருந்தும், தம் வீட்டுப் பின்புறத் துறையிலிருந்தும் மீன் பிடிக்கின்றனர். பிடித்தது ஏலக்கூடத்திற்கு வருவதில்லை. வீட்டு அடுப்பிற்கே போகிறது. ஆகவே அவர்கள் மீது விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் எல்லாம் தனியாளுக்கானவை: நாளொன்றுக்கு இத்தனை மீன், இந்த நீளம், இந்தப் பருவம். ஒருவருக்கு ஒரு மீன் என்றாலும் எத்தனை பேர் வருவர் என்பதற்கு வரம்பில்லை. மீன் பெருகினால் ஆட்களும் பெருகுவர். தனியாள் வரம்பு மாறாமலே மொத்தப் பிடிப்பு இருமடங்காகக் கூடும். 2022 இல் அவ்வாறே நிகழ்ந்தது.

மெக்சிகோ வளைகுடாவின் செந்நிற ஸ்னாப்பர் மீன் இதற்கு மற்றொரு சான்று. ஒருவருக்கு இரண்டே மீன் என்ற வரம்பு இருந்தும், வளம் மீண்டு மீன்கள் பெருத்துப் பிடிப்பு கூடியதால், நடுவண் அரசு நீர்ப்பரப்பில் தனியார் படகுகளுக்கான பருவம் ஆண்டுக்காண்டு சுருங்கியது. 2017 இல் அது மூன்றே நாட்கள் என அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே அவ்வாண்டே பருவம் மேலும் 39 நாட்கள் நீட்டிக்கப்பட்டது.

வரலாறு

தொடக்கக் காலம்

இம்மீனைக் காக்கும் எண்ணம் புதிதன்று. 1639 இலேயே மாசச்சூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தில் வரிப் பாஸையும் காட் மீனையும் வயல்களுக்கு உரமாக இடுவது தடை செய்யப்பட்டது. 1670 இல் பிளிமத் குடியேற்றத்தார் வரிப் பாஸ் உள்ளிட்ட மீன்பிடிப்பின் வருவாயைக் கொண்டு இலவசப் பள்ளி ஒன்றை நடத்த முடிவு செய்தனர்.

1942 இல் அத்திலாந்திக் மாநிலங்கள் இணைந்து அத்திலாந்திக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையத்தை நிறுவின. ஆயினும் அதன் பரிந்துரைகளை ஏற்பதும் விடுவதும் நீண்ட காலம் மாநிலங்களின் விருப்பமாகவே இருந்தது.

சரிவு

1970 இல் பிறந்த வலுவான ஆண்டுத் தொகுதியின் பயனாக 1973 இல் வணிகப் பிடிப்பு ஏறத்தாழ 6,800 டன் என்ற உச்சத்தைத் தொட்டது. பத்தே ஆண்டுகளில், 1983 இல், அது ஏறத்தாழ 1,600 டன்னாக வீழ்ந்தது. மிகைப்பிடிப்பே முதன்மைக் காரணம் எனக் கொள்ளப்பட்டது. செசப்பீக்கின் நீர்மாசும் அமில மழையும் அக்காலத்தில் பெரிதும் பேசப்பட்டன. 1979 இல் அமெரிக்கப் பேராயம் இதற்கென அவசர ஆய்வொன்றுக்கு வழிசெய்தது.

ஹட்சன் ஆற்றில் வேறொரு கதை நடந்தது. ஆற்றில் பி.சி.பி. எனப்படும் நச்சு வேதிப்பொருள் கலந்திருந்ததால் 1976 இல் அங்கு வரிப் பாஸ் வணிகப் பிடிப்பு மூடப்பட்டது. மனிதர் நலனுக்காக விதித்த தடை, அவ்வாற்று மீன்களுக்கும் காப்பாக அமைந்தது எனலாம்.

முழுத்தடை

1984 அக்டோபரில் அத்திலாந்திக் வரிப் பாஸ் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆணையத்தின் திட்டத்தைப் பின்பற்றாத மாநிலத்தில் நடுவண் அரசே மீன்பிடிப்பை முற்றாக நிறுத்தலாம் என்பது அதன் சாரம். அதுவரை பரிந்துரையாக இருந்தது அன்று முதல் கட்டளையாயிற்று. 1993 இல் இதே ஏற்பாடு பிற கரையோர மீன்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

அக்காலத்தில் ஓரளவு நம்பிக்கை தந்தது 1982 இல் பிறந்த ஆண்டுத் தொகுதி ஒன்றே. அதுவும் பழைய உச்சங்களோடு ஒப்பிடப் பெரியதன்று. அத்தொகுதியின் பெண் மீன்களில் 95 விழுக்காடு ஒரு முறையாவது முட்டையிடும் வரை அவற்றைத் தொடக்கூடாது என்பது 1985 ஆம் ஆண்டுத் திட்டத்தின் குறிக்கோள். இதற்காகக் குறைந்தபட்ச நீள வரம்பு அம்மீன்கள் வளர வளர உயர்த்தப்பட்டு, கடற்கரையில் 38 அங்குலம் (96.5 செ.மீ.) வரை சென்றது. சட்டம் ஒரே ஆண்டில் பிறந்த மீன்களின் கூடவே நடந்து சென்றது எனலாம்.

மேரிலாந்து 1985 சனவரி முதல் நாளிலிருந்து வரிப் பாஸ் பிடிப்பதை வணிகர், தூண்டில்காரர் இருசாராருக்கும் முற்றாகத் தடை செய்தது. டெலவெயரும் அவ்வாண்டே தடை விதித்தது. வர்ஜீனியா 1989 இல் இணைந்தது. தலைமுறை தலைமுறையாக இம்மீனை நம்பியிருந்த செசப்பீக் மீனவர்க்கு இது பெரும் இழப்பு. பிற்காலத்தில் கூறப்படும் மீட்சியின் புகழில் இவ்விழப்பு பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

மீட்சி

தடையை நீக்குவதற்கான அளவுகோல் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. மேரிலாந்து அரசு 1954 முதல் ஆண்டுதோறும் கோடையில், செசப்பீக்கின் மேற்பகுதியிலும் சாப்டாங்க், நாண்டிகோக், பொட்டோமாக் ஆறுகளிலும் உள்ள 22 இடங்களுக்கு மும்முறை சென்று 100 அடிக் கரைவலையை இழுத்து, அவ்வாண்டில் பிறந்த குஞ்சுகளை எண்ணி வருகிறது. ஓர் இழுப்புக்குச் சராசரி எத்தனை குஞ்சுகள் என்பதே இளமீன் குறியீடு. இதன் நீண்டகாலச் சராசரி ஏறத்தாழ 11.

மூன்றாண்டுச் சராசரி 8 ஐத் தாண்டினால் தடையைத் தளர்த்தலாம் என்பது விதி. 1989 இல் குறியீடு 25.2 ஆக எழுந்தது. அதற்கு முந்தைய இரு ஆண்டுகளும் 5 க்குக் கீழே இருந்தும், அவ்வோர் ஆண்டின் வலுவால் சராசரி வரம்பைத் தாண்டியது. 1990 இல் மீன்பிடிப்பு சிறிய அளவில் திறக்கப்பட்டது. ஒரே ஆண்டின் எண்ணை நம்பியது அவசரம் என்ற குறை கூறப்பட்டதில் நியாயம் உண்டு. ஆனால் தொடர்ந்து வந்த ஆண்டுகள் அம்முடிவைக் காப்பாற்றின. 1993 இல் குறியீடு 39.8, 1996 இல் 59.4. பின்னது இதுவரை பதிவானவற்றுள் மிக உயர்ந்தது. 1995 இல் வளம் மீண்டதாக அறிவிக்கப்பட்டது.

இதற்கிடையே 1990 முதல் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பாலுள்ள நடுவண் அரசு நீர்ப்பரப்பில் வரிப் பாஸ் பிடிப்பது தடை செய்யப்பட்டது. மேய்ன், நியூ ஹாம்சயர், கனெக்டிகட், நியூ செர்சி போன்ற மாநிலங்களில் இம்மீனை வணிகத்திற்காகப் பிடிக்க இசைவில்லை.

கட்டுப்பாட்டு முறைகள்

நாள் வரம்பு, பருவம் ஆகியவை எளிதில் விளங்குவன. நீள வரம்பு சற்று விளக்கம் வேண்டுவது. குறைந்தபட்ச நீளம் என்பது மீனை ஒரு முறையேனும் முட்டையிடவிடும் ஏற்பாடு. ஆனால் அது பெரிய மீன்களையே குறிவைக்கத் தூண்டுகிறது. மிகுதியாக முட்டையிடும் முதிய பெண் மீன்களோ அப்பெரிய மீன்களுள் அடங்குகின்றன. எனவே கீழ் வரம்புடன் மேல் வரம்பும் வைத்து, இடைப்பட்ட நீளமுள்ள மீனை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்ற 'இடைநீள வரம்பு' முறை வந்தது. கடற்கரையில் 2020 முதல் 28 அங்குலத்திற்கும் (71 செ.மீ.) 35 அங்குலத்திற்கும் (89 செ.மீ.) இடைப்பட்ட மீன் ஒன்று மட்டுமே ஒருவர் ஒரு நாளில் எடுக்கலாம் என விதிக்கப்பட்டது.

இம்முறையிலும் ஓர் ஓட்டை உண்டு. வலுவான ஆண்டுத் தொகுதி ஒன்று வளர்ந்து அந்த இடைவெளிக்குள் நுழையும்போது, கடற்கரை முழுவதன் தூண்டில்களும் அதன்மேல் குவிகின்றன.

விடுவிக்கப்படும் மீன்களின் இறப்பு

வரிப் பாஸ் தூண்டில்காரர்கள் தாம் பிடிக்கும் மீன்களில் பத்தில் ஒன்பதை நீரில் விட்டுவிடுகின்றனர். சிலர் விதிக்கு அஞ்சி விடுகின்றனர். பலர் மீனை உண்ணும் எண்ணமே இன்றி, பிடித்து விடுவதையே நெறியாகக் கொண்டவர்கள். விடுவித்தால் மீனுக்குத் தீங்கில்லை என்பது பரவலான நம்பிக்கை.

மாசச்சூசெட்ஸில் உப்புநீர்க் குளம் ஒன்றில் நடத்தப்பட்டு 1996 இல் வெளியான ஆய்வின் அடிப்படையில், விடுவிக்கப்படும் வரிப் பாஸ்களில் 9 விழுக்காடு பின்னர் இறப்பதாக மேலாண்மைக் கணக்குகளில் கொள்ளப்படுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். நூறு மீன் பிடிபட்டால் பத்து வீட்டிற்குச் செல்கின்றன. தொண்ணூறு விடுவிக்கப்படுகின்றன, அவற்றில் எட்டு இறக்கின்றன. உண்ணப்பட்டதற்கு ஏறக்குறைய ஈடான மீன்கள் எவருக்கும் பயனின்றி மடிகின்றன. 2017 ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் வரிப் பாஸ் இழப்பு முழுவதிலும் தூண்டில்காரர் எடுத்துச் சென்றவை 42 விழுக்காடு. அவர்கள் விடுவித்த பின் இறந்தவை 48 விழுக்காடு. வணிகத்தின் பங்கு 10 விழுக்காடு.

இந்த 9 என்பது சராசரி மட்டுமே. குளிர்ந்த உப்புநீரில் உதட்டில் முள் மாட்டிய மீன் பெரும்பாலும் பிழைக்கும். கோடையில் வெதுவெதுப்பான, உவர்ப்புக் குறைந்த நீரில், முள்ளை விழுங்கி, நெடுநேரம் இழுபட்டு, படம் எடுப்பதற்காகக் காற்றில் தூக்கிப் பிடிக்கப்பட்ட மீனுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

2021 சனவரி முதல் இயற்கை இரையிட்டு வரிப் பாஸ் பிடிப்போர் வட்டத் தூண்டில்முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்பது விதியாயிற்று. இதன் கூர்முனை தண்டை நோக்கி உள்ளே வளைந்திருக்கும். மீன் இரையை விழுங்கினாலும், கயிற்றை இழுக்கும்போது முள் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து வாயின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். பழைய முள்ளுக்குப் பழகியவர் செய்வதுபோல் வெட்டி இழுத்தால் மீன் தப்பிவிடும். மெல்லச் சுருட்ட வேண்டும்.

மீன் வரம்பைக் கடுமையாக்கும்தோறும் விடுவிக்கப்படும் மீன்கள் கூடுகின்றன என்பது இதிலுள்ள முரண். இறப்பைக் குறைக்க வேண்டுமானால் தூண்டிலிடுவதையே சில காலம் நிறுத்த வேண்டும். விடுவிப்பதற்காகப் பிடிப்பதும் கூடாது என்னும் பருவத்தடையை எந்தக் காவலர் எவ்வாறு மெய்ப்பிப்பார் என்ற வினா ஆணையத்தின் கூட்டங்களில் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. வேறு மீனுக்காகவே தூண்டிலிட்டேன் என்று எவரும் கூறலாம் அல்லவா?

எண்ணுவதில் உள்ள இடர்கள்

மேற்கண்ட எண்கள் எல்லாம் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து பெறப்படுவன. துறைகளிலும் கரைகளிலும் பணியாளர்கள் தூண்டில்காரரை நேரில் கண்டு, பிடித்த மீனை அளக்கின்றனர். எத்தனை பயணங்கள் நடந்தன என்பது வீடுகளில் கேட்டறியப்படுகிறது. முதல் எண்ணை இரண்டாவதால் பெருக்கி மொத்தம் காணப்படுகிறது. விடுவித்த மீன்களுக்குத் தூண்டில்காரரின் சொல்லே சான்று.

2006 இல் தேசிய ஆய்வு மன்றம் அப்போதைய கணக்கெடுப்பின் குறைகளைச் சுட்டியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மீன்வளச் சட்டம் தூண்டில்காரர் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. கடலில் தூண்டிலிட உரிமம் வேண்டாம் என்பது வடகிழக்கு மாநிலங்கள் பலவற்றின் பழைய வழக்கம். மாசச்சூசெட்ஸில் 2011 இல்தான் கடல் மீன்பிடி உரிமம் வந்தது. நியூ செர்சியில் கட்டணமில்லாப் பதிவு மட்டுமே உண்டு.

வீட்டுத் தொலைபேசி வழி நடந்த கணக்கெடுப்பு 2018 இல் அஞ்சல் வழிக்கு மாற்றப்பட்டது. புதிய முறை, மீன்பிடிப் பயணங்கள் முன்பு எண்ணியதைவிடப் பன்மடங்கு மிகுதி எனக் காட்டியது. பழைய ஆண்டுகளின் எண்களும் திருத்தப்பட்டன. 2023 இல் வெளியான சோதனை ஆய்வோ, வினாக்கள் கேட்கப்படும் வரிசையின் காரணமாக அஞ்சல் முறை 30 முதல் 40 விழுக்காடு வரை மிகையாக மதிப்பிடக்கூடும் என்றது. இதனால் தூண்டில்காரர் பலர் கணக்கையே நம்ப மறுத்தனர். எனினும் கணக்குத் தவறு என்பதும் மீன் குறையவில்லை என்பதும் ஒன்றல்ல. கரைவலையில் எண்ணப்படும் குஞ்சுகளுக்கு இந்த அஞ்சல் படிவத்தோடு தொடர்பில்லை.

இரண்டாம் சரிவு

முட்டையிடும் பெண் மீன்களின் மொத்த எடை 2000களின் தொடக்கத்தில் உச்சத்தை எட்டிப் பின் இறங்கியது. 2019 இல் ஏற்கப்பட்ட மதிப்பீட்டின்படி, 2017 இல் அது ஏறத்தாழ 68,500 டன். இருக்க வேண்டிய குறைந்தபட்ச வரம்போ ஏறத்தாழ 91,400 டன். வளம் குன்றியுள்ளது, மிகைப்பிடிப்பும் நடக்கிறது என்னும் இரு முடிவுகளும் ஒருங்கே அறிவிக்கப்பட்டன. வளத்தை 2029 க்குள் மீட்பது இலக்காக வைக்கப்பட்டது.

2020 ஆம் ஆண்டின் இடைநீள வரம்பு முதலில் பயன் தந்தது. 2022 இல், 2015 இல் பிறந்த வலுவான தொகுதி 28 அங்குலத்தைத் தாண்டி இடைவெளிக்குள் வந்தது. தூண்டில்காரர் எடுத்த மீன்கள் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ இருமடங்காயின. 2023 மே மாதம் ஆணையம் அவசர நடவடிக்கையாக மேல் வரம்பை 31 அங்குலமாக (79 செ.மீ.) இறக்கியது. 2024 இல் அது நிலையான விதியாயிற்று. செசப்பீக்கிற்கு 19 முதல் 24 அங்குலம் வரை என வரம்பு வைக்கப்பட்டது. மேரிலாந்து, பெரிய மீன்களைக் குறிவைக்கும் தனது இளவேனிற் பருவத்தை அவ்வாண்டே கைவிட்டது.

2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில், 2023 இல் பெண் மீன் எடை ஏறத்தாழ 86,500 டன் எனவும், திருத்தப்பட்ட வரம்பு ஏறத்தாழ 89,000 டன் எனவும் கணிக்கப்பட்டது. மிகைப்பிடிப்பு நின்றுவிட்டது, வளம் இன்னும் வரம்பை எட்டவில்லை.

குஞ்சுகள் பிறவாமை

இன்றைய நிலை 1980களினின்றும் ஒரு வகையில் வேறானது. அன்று பிடிப்பதை நிறுத்தியதும் பிறப்பு பெருகியது. இப்போது பெண் மீன்கள் 1980களில் இருந்ததைவிட மிகுதியாக இருந்தும் குஞ்சுகள் தேறவில்லை. மேரிலாந்தின் இளமீன் குறியீடு 2019 முதல் தொடர்ந்து சராசரிக்கு மிகவும் கீழே உள்ளது. 2023 இல் அது 1.0 ஆக வீழ்ந்தது. 2024 இல் 2.0 ஆக இருந்தது. வெப்பமான குளிர்காலமும், இளவேனிலில் ஆற்றில் நீர்வரத்துக் குறைவும் காரணமாகக் கருதப்படுகின்றன. குஞ்சு பொரியும் நாட்களும் அதற்கு இரையாகும் நுண்ணுயிர்கள் பெருகும் நாட்களும் ஒத்துவராமற் போகின்றன. செசப்பீக்கில் 1990களின் இறுதி முதல் காணப்படும் மைக்கோபாக்டீரிய நோயும், வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டுப் பெருகிவரும் நீலக் கெளுத்தியும் இதனுடன் சேர்த்துப் பேசப்படுகின்றன.

மழையையும் வெப்பத்தையும் ஆணையம் ஆள முடியாது. நல்ல ஆண்டு ஒன்று வாய்க்கும்போது முட்டையிடப் போதிய முதிய மீன்கள் உயிரோடு இருக்குமாறு பார்த்துக்கொள்வதே அதனால் இயல்வது. 2015 இல் பிறந்தவற்றுக்குப் பின் வலுவான தொகுதி எதுவும் வராத நிலையில், அவற்றை எவ்வளவு நாள் காப்பது என்பதே 2020களின் விவாதங்களின் மையமாயிற்று.

2025 அக்டோபரில், இழப்பை மேலும் 12 விழுக்காடு குறைக்கும் முன்மொழிவு ஆணையத்தின் முன் வந்தது. மிகைப்பிடிப்பு நடவாதபோது புதிய பருவத்தடை வாடகைப் படகு நடத்துவோரையும் தூண்டிற்கடைகளையும் நலிவுறச் செய்யும் என ஒரு சாரார் வாதிட்டனர். வரப்போகும் ஆண்டுகளில் வளர்ந்து வர மீனே இல்லை என்பது மறுசாராரின் வாதம். அக்குறைப்பு ஏற்கப்படவில்லை.

பிற இடங்களில்

1879 இல் நியூ செர்சியின் நேவசிங்க் ஆற்றிலிருந்து ஏறத்தாழ 130 வரிப் பாஸ்கள் தொடர்வண்டியில் கலிபோர்னியாவிற்குக் கொண்டு செல்லப்பட்டு சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் விடப்பட்டன. அவை அங்குப் பெருகின. 1935 முதல் அங்கு இம்மீனின் வணிகப் பிடிப்பு தடை செய்யப்பட்டுள்ளது.

ஐரோப்பாவில் வேறு இனமான ஐரோப்பியக் கடல் பாஸ் இதே நிலையை எதிர்கொண்டது. 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் முதன்முறையாக வடகடல், ஆங்கிலக் கால்வாய் முதலிய பகுதிகளின் தூண்டில்காரருக்கு நாளொன்றுக்கு மூன்று மீன் என்ற வரம்பை விதித்தது. குறைந்தபட்ச நீளத்தை 42 செ.மீ. ஆக உயர்த்தியது. 2016 இன் முதல் பாதியில் பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்றும், பிற்பாதியில் ஒரு மீன் மட்டும் எடுக்கலாம் என்றும் அது இறுக்கப்பட்டது.